நாயுடு கேட்ட கேள்விகளும், யாரும் கேட்காமல் விட்ட ஒன்றும்

உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்கும் அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் நீங்கள் கட்டாயம் போயிருப்பீர்கள். 10 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2025 அக்டோபரில் திறந்தார்கள். பெயர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். பாலத்துக்குக் கீழே டவுன் பஸ்ஸில் போகிற ஆளாக இருந்தால் (நம்மில் பாதிப் பேர் அந்த கேஸ்தான்), கண்டக்டர் ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ் என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். இறங்கித் தேடிப் பாருங்கள், அந்தப் பெயரில் அங்கே ஒரு காலேஜும் கிடையாது. மேலே பாலத்துக்குப் பெயர் கொடுத்தவரும், கீழே பெயரை மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போன அந்தக் காலேஜைத் தொடங்கியவரும் ஒரே ஆள்தான்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அநேகமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு லிஸ்ட்டாகத்தான் இருக்கும். ரேஸர், ரேடியோ, கார், பப்பாளி, பருத்திச் செடி, கடைசியில் இந்தியாவின் எடிசன் என்று ஒரு பட்டம். அந்தப் பட்டத்தை இங்கே விட்டுவிடலாம். நமக்கு எத்திக்ஸ் பேப்பரில் ஒரு கேள்வி வரும் இல்லையா, ஒரு பொருளை வடிவமைக்கிறவருக்குச் சமூகத்தின் மேல் உள்ள பொறுப்பு என்ன என்று? எல்லாரும் சேலஞ்சர் விண்கலத்தைத்தான் எழுதுவோம். 1986, குளிர், ஓ-ரிங், முந்தின ராத்திரியே வேண்டாம் என்று தடுத்த என்ஜினியர்கள், பேச்சைக் கேட்காத நிர்வாகம், போன 7 உயிர்கள். நல்ல கேஸ்தான், 13 மார்க்குக்குத் தாங்கும். ஆனால் அதைவிட நெருக்கமான கேஸ் நம்ம ஊரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாழ்க்கைக் கதை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரிப் போட்ட கதையைக் கோவையில் இன்றும் சொல்வார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஸ்கூலை விட்டவர் எல்லாம் ஜீனியஸ் ஆகிவிட முடியாது, அதனால் இந்தப் பகுதியை உங்கள் வீட்டில் ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். 1912-ஆம் வருஷத்து ரட்ஜ் வண்டி, லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரியுடையது. மாடு இல்லாமல் ஓடுகிற ஒரு வண்டியை அப்போதுதான் அந்த இளைஞர் பார்க்கிறார். அதை வாங்கியே ஆக வேண்டும் என்று கோவைக்கு வந்து, ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, பணம் சேர்த்து, அதே அதிகாரியிடம் அதே வண்டியை வாங்கினார். வாங்கினவர் முதலில் செய்த வேலை அதை அக்கக்காகக் கழற்றிப் போட்டதுதான். திரும்ப மாட்டினார். வண்டி ஓடியது. நாம் இன்று திறக்க முடியாதபடி ஒட்டி மூடின போன்களை வாங்கி, பேட்டரி போனால் புதுசு வாங்குகிறோம். நாயுடு கற்றுக்கொண்ட மொத்த என்ஜினியரிங்கும், ஒரு பொருளை வாங்கினவன் அதைக் கழற்றிப் பார்க்க முடிந்ததால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நடுவில் பருத்தி வியாபாரம். திருப்பூரில் ஜின்னிங் ஃபேக்டரி வைத்துச் சம்பாதித்தார், அந்தப் பணத்தோடு பம்பாய் பருத்திச் சந்தைக்குப் போய் நன்றாகவே இழந்தார். திரும்பி வந்தவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட விட்டார். ஓட விட்டார் என்றால் ஆள் வைத்து அல்ல, ஸ்டியரிங்கில் அவரேதான் உட்கார்ந்தார்.

உடுமலைப்பேட்டை வழியாக 60 கிலோமீட்டர் சொச்சம். பழனிக்குப் போகிற பக்தர்கள், சந்தைக்குப் போகிற விவசாயிகள். வண்டி வழியில் நின்றால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே, கீழே படுத்து ஸ்பேனர் பிடிக்க வேண்டியவரும் அவரே. தான் செய்த பொருளோடு அதைப் பயன்படுத்துகிறவர் படும் அவஸ்தையை டிசைனர் தினமும் நேரில் பார்க்கும் வேலை இது. யூசர் ரிசர்ச் என்று இன்று நாம் பிபிடி போடுகிறோமே, அது அன்று பழனி ரோட்டில் புழுதியோடு நடந்தது. அந்த ஒரு வண்டி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற கம்பெனி ஆனது. யு.எம்.எஸ் என்றால் வீட்டில் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். 1933-ல் அதனிடம் 280 வண்டிகள் இருந்தன.

பிறகு வெளிநாட்டுப் பயணங்கள். ஜெர்மனி போய் வந்த அனுபவத்தில், பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ரசாந்த் என்ற ஷேவிங் ரேஸர் பிறந்தது. மிக மெல்லிய பிளேடு, சாத்துக்குடி பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் எல்லாம் வரிசையாக வந்தன. அந்த மண்ணெண்ணெய் ஃபேன்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கரண்ட் இல்லாத வீட்டுக்கும் வேர்க்கும் என்று யோசித்து ஒருவர் செய்திருக்கிறார் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, கோவைக்கு மின்சாரம் இறங்கி வந்தது. மில்கள் பெருகின. அதே மின்சாரம் தோட்டங்களுக்கும் வரத் தொடங்கியது. கொங்கு நாடு பெரும்பாலும் மேட்டுக்காடு, மழை குறைவு. கிணறு இருந்தால்தான் வெள்ளாமை. அந்தக் கிணற்றில் நீர் இறைக்கக் கவலைதான். ஒரு ஜோடி எருது சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும், பின்னால் ஏறும்போது சால் கிணற்றுக்குள் போகும். விடியலுக்கு முன்னே ஆரம்பித்து நாள் முழுக்க மனுஷனும் மாடும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மோட்டார் கிடைக்காமல் இல்லை, சீமையிலிருந்து வந்தது. அதன் விலையும், பழுதானால் ஸ்பேருக்குக் காத்திருக்கும் காலமும் ஒரு சின்ன விவசாயிக்குக் கட்டுபடி ஆகாது.

1937-ல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் ஒரு மின் மோட்டாரைச் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கியவர். ஊரிலேயே மோட்டார் செய்ய முடிந்தது என்றால், ஊரிலேயே அதைக் கழற்றவும், காயில் கட்டவும், பேரிங் மாற்றவும் ஆள் உருவாகும் என்று பொருள். அப்படித்தான் ஆனது. பட்டறையில் கற்றவன் இன்னொரு பட்டறை போட்டான், அங்கே கற்றவன் இன்னொன்று. கோவை பம்ப்செட் ஊர் ஆன கதையின் வேர் இதுதான். எருதும் மனிதனும் அந்தச் சரிவிலிருந்து விடுதலை ஆனார்கள்.

டிசைனருடைய பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திக் கைதட்டுவார்கள். நாம் கொஞ்சம் மேலே போவோம்.

கவலைக்கு ஒரு குணம் உண்டு. மாடு களைத்துப் போகும். கிணறு ஒரு நாளில் எவ்வளவு ஊறுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் மாட்டாலும் இறைக்க முடியும். மோட்டார் களைக்காது. கிணற்று மட்டம் இறங்க, கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பத்தாமல் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் சைடு போர் போட்டார்கள். பிறகு போர்வெல், கம்ப்ரஸர், அதற்குப் பிறகு நீர்மூழ்கி மோட்டார். 1990 வாக்கில் விவசாய மின்சாரம் எல்லா விவசாயிக்கும் இலவசம் ஆனது, அளப்பதற்கு மீட்டரும் இல்லை. இன்று கோவை, திருப்பூர் பக்கம் 1,000 அடிக்கும் கீழே போர் போட்டுத் தண்ணீர் தேடுவது சாதாரணம். உங்கள் ஹாஸ்டல் தண்ணீரும் அநேகமாக அப்படித்தான் வருகிறது. லாரி வராத நாளாக இருந்தால்.

இதற்கு நாயுடுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? கூடாது என்றுதான் நான் சொல்வேன். 1937-ல் ஒரு மோட்டார் செய்த இருவருக்கு, 50 வருஷம் கழித்து லட்சக்கணக்கில் மோட்டார் ஓடும், கரண்டுக்குக் காசு இருக்காது என்று ஜோசியம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்த பிறகும், பம்ப் கம்பெனிகளின் டிசைன் போட்டி பெரும்பாலும் ஒரே திசையில் போனது: இன்னும் ஆழத்திலிருந்து, இன்னும் அதிகமாக. கிணறு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி வாடிக்கையாளர் கேட்கிற கேள்வி இல்லை, அதனால் வரைபலகையில் அதற்கு இடமும் இல்லை. நாயுடு எருதின் களைப்பைப் பார்த்து வடிவமைத்தார். கிணற்றின் களைப்பைப் பார்த்து வடிவமைக்க வேண்டிய முறை அடுத்த தலைமுறையுடையது. அதில் நம்ம சீனியர்களும் உண்டு, கேம்பஸ் இன்டர்வியூவில் பம்ப் கம்பெனிக்குப் போகப்போகிற நீங்களும் உண்டு.

விலை விஷயத்துக்கு வருகிறேன். நாயுடு 1941-ல் ஓர் அறிவிப்பு விட்டார்: 5 வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசு லைசென்ஸ் தரவில்லை, உற்பத்தி நின்றது. அப்போது தொழில்கள் சட்டம், 1951 வந்துவிட்டிருந்தது. யார் எதை எவ்வளவு செய்யலாம் என்று டெல்லி முடிவு செய்யும் காலம். வரிகளின் மேலும் கெடுபிடிகளின் மேலும் உள்ள கோபத்தில் அவர் தன் பொருட்களைத் தானே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்ததாக ஒரு கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பொருளை நாலு பேருக்காகச் செய்தேன் என்று சொன்ன பிறகு, அதை உடைக்கும் உரிமை முழுசாக அவருடையதுதானா? நண்பர்களிடம் கேட்டேன், ரெண்டு மணி நேரம் கேன்டீனில் சண்டை நடந்தது, முடியவில்லை.

மலிவு என்பதும் அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடிய நல்ல குணம் இல்லை. 2,000 ரூபாய்க் காரைத் தடுத்தது பாதுகாப்பு பற்றிய கேள்வி இல்லை, லைசென்ஸ்தான். ஆனால் அது ரோட்டுக்கு வந்திருந்தால் அந்தக் கேள்வியும் பின்னாலேயே வந்திருக்கும். அரை நூற்றாண்டு கழித்து, ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ரத்தன் டாடா 1 லட்சம் ரூபாய்க்கு நானோ கொண்டுவந்தார். 2014-ல் குளோபல் என்கேப் அதை மோதிப் பார்த்தபோது ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரைவிட மேல் என்று ஒரு கட்சி, கார் என்று விற்றால் கார் போலக் காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. ரெண்டுமே சும்மா தள்ளிவிடக் கூடியவை இல்லை.

1944-ல் நாயுடு மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் நன்கொடைகளை அறிவித்தார். அடுத்த வருஷம் அவர் பணத்தில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் என்ஜினியரிங் காலேஜும் வந்தன. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஹோப் இவர்தான், நம்பிக்கை என்று யாராவது அர்த்தம் சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாவதோடு படிப்பை விட்டவர் அதே காலேஜுக்கு 1945-46-ல் பிரின்சிபால். பி.இ.க்கு நாலு வருஷம் என்பது நேரத்தை வீணாக்குவது, ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். காலேஜ் பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய ஜி.சி.டி. ஆனது.

எட்டாவது செமஸ்டரில் இருப்பவர்கள் நாயுடு கட்சியில் உடனே சேர்ந்துவிடுவீர்கள் என்று தெரியும். நான் சேரமாட்டேன். மோட்டாரைக் கழற்றி மாட்ட ரெண்டு வருஷம் தாராளமாகப் போதும். அந்த மோட்டார் ஓடினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு என்னாகும் என்று பார்க்க நிலத்தடி நீர் தெரிய வேண்டும், சட்டம் தெரிய வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் மிச்ச ரெண்டு வருஷம். நாம் அந்த ரெண்டு வருஷத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பது வேறு பஞ்சாயத்து.

கடைசியாக, அவர் செய்தவற்றில் நான் மிக உயர்வாக வைக்கும் பொருள் ஒன்று. முறைகேடு செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம். இதைச் செய்தவர் 1936-ல் மாகாணத் தேர்தலில் தானே நின்று தோற்றவர் என்பது தனிச் சுவை. மற்றப் பொருட்களில் எல்லாம் அவர் கேட்டது, இதை யார் வாங்க முடியும், யார் ரிப்பேர் பார்க்க முடியும் என்பது. இங்கே கேள்வி மாறுகிறது. இதை வைத்து யார் ஏமாற்ற முடியும்? தன் பொருளைத் திருடன் கண்ணால் பார்ப்பது டிசைனருக்கு வலிக்கிற வேலை. நம் ஃபைனல் இயர் பிராஜெக்டுகளில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் கேமராவுக்கு வருஷா வருஷம் பரிசு கொடுக்கிறோம். அந்த முகங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று வைவாவில் கேட்பவர் அபூர்வம்.

நாயுடுவின் இயந்திரம் தேர்தலுக்குப் போகவில்லை. 1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். எட்டு வருஷம் கழித்து, 1982-ல், கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதல்முறையாக வைக்கப்பட்டது. தோற்றவர் வழக்குப் போட்டார். 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ஏற்கவில்லை. இயந்திரம் தப்பாக எண்ணியது என்பது காரணம் அல்ல. சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்பதுதான். அந்த 50 சாவடிகளில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. பிறகு 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இயந்திரம் நாடு முழுக்கப் போனது. சந்தேகமும் கூடவே போனது. முறைகேடு செய்ய முடியாது என்று செய்தவர் சொன்னால் போதுமா, வாக்குப் போட்டவனுக்குத் தெரிய வேண்டாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை வந்து, 2013-ல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று வேண்டும் என்றது. அப்படி வந்ததுதான் விவிபேட். வாக்குச்சாவடிக்கு அடுத்த முறை போகும்போது அதைக் கவனியுங்கள். பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு வரும். நீங்கள் போட்ட சின்னம் அதில் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு 7 விநாடி கிடைக்கும். பிறகு அது அறுந்து உள்ளே விழுந்துவிடும்.